‘பயன்படுத்தாதது’ என்று குறித்த பழைய விடுதிப் பள்ளி ரீலை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இதுதான். ஓர் ஆவணப்படத்துக்காகப் பழைய நியூஸ்ரீல் (அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓடிய செய்திப் படம்) தொகுப்புகளைத் துழாவியபோது, இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி ஒன்றில் எடுத்த நாலு நிமிடத் துண்டு உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. பையன்கள் தலையணையால் அடித்துக்கொள்கிறார்கள், மாதிரி விமானம் ஒட்டுகிறார்கள், ஆற்றில் படகு விடுகிறார்கள், பள்ளியின் தின்பண்டக் கடையில் முண்டியடிக்கிறார்கள். ஒலி இல்லை, தலைப்பும் இல்லை. ‘பயன்படுத்தாதது, தேதி, இடம் தெளிவில்லை’ என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. ஏன் இதைக் கழித்தார்கள், எதையாவது மறைக்கவா, அந்தக் கால விடுதி வாழ்க்கைக்கு இதைச் சாட்சியாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மறைத்திருப்பார்கள் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். இருபது வருடமாக இந்த மாதிரி ரீல்களைப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தணிக்கைக்குப் பயந்து ஒதுக்கியதை விட, இடம் போதாமல் ஒதுக்கியதுதான் அதிகம் கண்ணில் பட்டிருக்கிறது.

நியூஸ்ரீல் எப்படி ஓடியது என்று தெரிந்தால் இது புரியும். பிரிட்டனில் பாத்தே நிறுவனம் 1910இல் செய்திப் படம் போடத் தொடங்கி 1970இல் நிறுத்தியது. நடுவில் கோமான்ட், மூவிடோன், பாரமவுண்ட், யுனிவர்சல் என்று போட்டிக்கும் ஆட்கள் இருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு வெளியீடு. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் பத்து நிமிடத்துக்குள் மன்னர், பிரதமர், குதிரைப் பந்தயம், கால்பந்து, எங்கோ ஒரு வெள்ளம், கடைசியில் சிரிக்க ஏதாவது ஒன்று, எல்லாம் அடங்க வேண்டும். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இந்தக் கணக்கில் பள்ளிக்கூடப் பையன்கள் விளையாடும் செய்தி கடைசிப் பந்தி. பெரிய செய்தி ஒன்று வந்துவிட்டால் இலையே போட மாட்டார்கள். 1952 பிப்ரவரி 6ஆம் தேதி ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார். அந்த வாரம் எந்த கேமராமேனாவது ஒரு பள்ளியில் அருமையான பனிச்சறுக்குக் காட்சி எடுத்திருந்தால், அது நேராக அலமாரிக்குத்தான் போயிருக்கும். அடுத்த வாரம் பனி உருகியிருக்கும், செய்தியும் பழசாகியிருக்கும்.

மற்ற காரணங்கள் சாதாரணமானவை. ஃபோகஸ் போயிருக்கும், கேமராவுக்குள் பிலிமில் வெளிச்சம் விழும் திறப்பில் முடி சிக்கியிருக்கும், வெளிச்சம் கூடியோ குறைந்தோ போயிருக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘பயன்படுத்தாதது’ என்ற ஒரே முத்திரைக்குள் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று, முழுச் செய்தியும் வெளிவராமல் போனது. இன்னொன்று, செய்தி வெளிவந்தது. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை யாரோ ஒரே டப்பாவில் சுற்றி வைத்தது. இரண்டாவது ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி இருக்கும். பையன்கள் படகைத் தள்ளுகிறார்கள். அடுத்த ஷாட்டில் எல்லோரும் தொப்பலாக நனைந்து கரையில் நிற்கிறார்கள். படகு கவிழ்ந்த ஷாட் எங்கே? அது தியேட்டருக்குப் போய்விட்டது. அப்படித் தெரிந்தால் அதே நிறுவனத்தின் வெளியான பட்டியலில் தேடுங்கள். முந்திரி அங்கே இருக்கும், தேதியோடு.

வெட்டாத ரீல் என்றால் ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றிரண்டு ஃபிரேம் பளிச்சென்று வெளுத்துப் போயிருக்கும். கேமரா வேகம் பிடிக்கும்போதும் நிற்கும்போதும் பிலிம் மெதுவாக நகர்வதால் வெளிச்சம் கூடுதலாக விழுகிறது. எடிட்டர் கை வைத்திருந்தால் முதலில் போவது இந்த வெள்ளை ஃபிரேம்கள்தான். உங்கள் துண்டில் அவை இருக்கின்றனவா என்று ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.

சரி, வெளிவந்தவை எப்படிப்பட்டவை? இதைத் தெரிந்துகொண்டால்தான் வெளிவராததன் மதிப்பு தெரியும். நியூஸ்ரீல்காரர்களுக்கு உறைவிடப் பள்ளி என்றாலே வேடிக்கைதான். ஈட்டன் பள்ளியின் ‘ஜூன் நான்கு’ விழாவில், பூச்சூடிய வைக்கோல் தொப்பியோடு பழைய கடற்படை உடுப்பில் பையன்கள் படகில் வருவார்கள். நடு ஆற்றில் துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொருவராக எழுந்து நிற்பார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிறந்தநாளுக்கான மரியாதை அது. அதே பள்ளியில் சுவர் ஆட்டம் என்று ஒன்று உண்டு. 110 மீட்டர் நீளம், வெறும் 5 மீட்டர் அகலம் உள்ள சேற்றுப் பட்டையில், செங்கல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நசுங்குவார்கள். ஆண்டுதோறும் நடக்கும் பெரிய ஆட்டத்தில் கடைசியாகக் கோல் விழுந்தது 1909இல். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின நாள், சமையல்காரர் உயரக் கம்பிக்கு மேலாக ஓர் அப்பத்தை வீசுவார். பையன்கள் அதன்மேல் விழுந்து பிடுங்குவார்கள். பெரிய துண்டு கிடைத்தவனுக்குத் தங்க நாணயம். கேமரா ஓடிப்போய் நின்றது இங்கெல்லாம்தான். ஒரு நிமிடத்தில் ஆரம்பம், நடு, சிரிப்பு மூன்றும் கிடைத்துவிடும்.

விளைவு என்ன? இங்கிலாந்து விடுதிப் பள்ளி என்றதும் நம் மனதில் ஓடுவது வருடத்துக்கு ஒரு நாள் நடக்கும் கூத்து. மிச்ச நாட்களில், மத்தியானம் சாப்பாடு முடிந்து மணி அடிக்கும்வரை அந்தப் பையன் என்ன செய்தான்? அதைப் படமாக்கினாலும் செய்தியாக்க முடியாது. உங்கள் துண்டின் அருமை அங்கேதான் இருக்கிறது.

இந்த மாதிரி ரீல் ஒன்றில் பார்த்த ஓர் இடத்தைச் சொல்கிறேன். பொழுதுபோக்கு அறை. நீள மேசையில் ஐந்தாறு பையன்கள், பால்சா மரக்குச்சியை வெட்டி விமான இறக்கை ஒட்டுகிறார்கள். முதல் ஷாட் அழகாக இருக்கிறது, எல்லோரும் குனிந்து வேலையிலேயே கண்ணாக இருக்கிறார்கள். அப்புறம் கேமராமேன் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்; ஆனால் கேமரா இன்னும் ஓடுகிறது. ஓரத்தில் இருப்பவன் தலையைத் தூக்கி நேராக லென்ஸைப் பார்க்கிறான். பிறகு பக்கத்துப் பையனின் பசைக் குப்பியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். அவன் கவனிக்கவில்லை. இரண்டு விநாடிதான். வெளியீட்டில் வந்திருந்தால் இந்த இரண்டு விநாடிதான் முதலில் கத்தரிக்குப் போயிருக்கும். அந்த அறையில் நிஜமாக என்ன நடந்தது என்பதற்கு என் கையில் இருப்பதும் அதுதான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஷாட்டின் வால். ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன்னும் ‘கட்’ சொன்ன பின்னும் உள்ளவை. முழங்காலைச் சொறிபவன், பல்லிளிப்பவன், வாத்தியார் இருக்கும் திசையை ஓரக்கண்ணால் பார்ப்பவன். கழித்துப்போட்ட ரீலில் இந்த வால்கள் உயிரோடு இருக்கும்.

அதற்காகக் கழித்ததெல்லாம் கலப்படமில்லாத உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தரி படவில்லையே தவிர, கேமராவுக்காக ஏற்பாடு செய்தது அப்படியே இருக்கிறது. உங்கள் தலையணைச் சண்டையையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலப் பிலிமுக்கு இருட்டு ஆகாது. இரவில், மங்கிய பல்பு வெளிச்சத்தில் படுக்கை அறையைப் படம் பிடித்திருந்தால் கறுப்புதான் மிஞ்சியிருக்கும். பெரிய விளக்குகளைத் தூக்கி வந்து, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒயர் இழுத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். சுவரில் விழும் நிழலைப் பாருங்கள். கூரை விளக்கு என்றால் நிழல் காலடியில் விழும். பையன்களின் நிழல் பெரிதாக, கூராக, பக்கவாட்டில் சுவரேறிப் போனால் கதவுப் பக்கம் விளக்கு நிற்கிறது என்று அர்த்தம். விளக்கு நிற்கிறதென்றால் வார்டனும் நிற்கிறார். அவர் அனுமதியோடு, பெரும்பாலும் அவர் சொல்லித்தான் அந்தச் சண்டை நடக்கிறது. நள்ளிரவுத் திருட்டு விருந்து என்று வரும் காட்சிகளும் இதே கதைதான். விளக்குப் போட்டுக்கொண்டு யார் திருட்டுத்தனமாகத் தின்பார்கள்?

படகும் மைதானமும் வேறு. வெளியே சூரியன் இருக்கிறது, விளக்கு வேண்டாம், கேமராமேன் தள்ளி நிற்க முடியும். ஒரே ரீலில்கூட வெளிப்புற ஷாட்டுகளை நான் கூடுதலாக நம்புவேன்.

ஒலி இல்லாததும் அசாதாரணம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகளைப் பெரும்பாலும் ஒலியில்லாமல்தான் எடுத்தார்கள். வர்ணனை, இசை, கைத்தட்டல் எல்லாம் ஸ்டூடியோவில் பின்னால் சேர்த்தவை. வெளிவராத ரீலுக்கு அந்தச் செலவை யார் செய்வார்கள்? ஒருவகையில் அது உங்கள் அதிர்ஷ்டம். ‘குட்டிக் கனவான்கள் குதூகலிக்கிறார்கள்’ என்ற தோரணையில் ஒரு குரல் வந்து நம் காதைத் திருகவில்லை.

தேதிக்கு வருவோம். ரீலோடு கேமராமேன் அனுப்பும் குறிப்புத்தாள் ஒன்று உண்டு, ‘டோப் ஷீட்’ என்பார்கள். எந்த ஊர், எந்த நாள், எந்த ஷாட்டில் யார், எத்தனை அடி என்று அதில் இருக்கும். சில நிறுவனங்களின் தாள்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஆவணக் காப்பகத்தில் அதைத்தான் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பிலிமின் ஓரம். கோடக் தன் பிலிம் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறியிட்டு, அது தயாரான ஆண்டைச் சொல்லிவிடும். தொல்லை என்னவென்றால் அந்தக் குறிகள் 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 1930இல் இருந்த குறி 1950இலும் இருக்கும். இணையத்தில் பார்க்கும் கோப்பில் விளிம்பு தெரியாது. மூல ரீலைப் பார்த்துச் சொல்லும்படி காப்பகத்துக்கு எழுத வேண்டும்.

மீதியைப் படமே சொல்லும். கிரிக்கெட் என்றால் கோடைப் பருவம். குதிரைக் கஷ்கொட்டை என்ற மரத்தின் கொட்டையை நூலில் கோத்து அடித்து விளையாடினால் செப்டம்பர், அக்டோபர். தோளில் அட்டைப் பெட்டி தொங்கினால் உள்ளே நச்சுவாயு முகமூடி; இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939ஐ ஒட்டிய காலம். நடை எல்லாம் ஓட்டமாகத் தெரிந்தால், கையால் சுழற்றிய கேமராவில் நொடிக்கு 16, 18 ஃபிரேம் எடுத்ததை 24இல் ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம்; பெரும்பாலும் பேசும் படத்துக்கு முந்தியது. அதை அப்படியே படத்தில் போட்டுவிடாதீர்கள், வேகத்தைச் சரிசெய்யுங்கள். பிள்ளைகளைக் கோமாளியாக்கும் அந்தத் துள்ளல் அவர்களுடையது அல்ல, நம் இயந்திரத்துடையது.

தின்பண்டக் கடைக் காட்சி உங்களுக்குப் பெரிய துருப்பு. பிரிட்டனில் மிட்டாய்க்கு 1942 ஜூலையில் ரேஷன் வந்தது; 1953 பிப்ரவரியில்தான் போனது. 1949இல் சில மாதம் தளர்த்திப் பார்த்து, கடைகள் காலியானதும் மறுபடி கொண்டுவந்தார்கள். இது எனக்கு மனப்பாடமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெகு நாள் முன்பு ஒரு தொடரில், இதே மாதிரிக் கடைக் காட்சியை ‘முப்பதுகளில்’ என்று தலைப்புப் போட்டு ஓட்டிவிட்டேன். விளிம்புக் குறியைப் பார்த்துச் சொன்ன தேதி அது. வேறு எதையும் பார்க்கவில்லை. ஒளிபரப்பான மறுவாரம் ஒரு பெரியவர் எழுதினார்: ‘தம்பி, அந்தப் பையன் காசோடு சேர்த்து ஒரு சின்னப் புத்தகத்தை நீட்டுகிறானே, அது என்ன என்று நினைத்தீர்கள்?’ கூப்பன் புத்தகம். இருபது வருடம் தப்பு. அந்தப் பையன்கள் போருக்கு முந்திய தலைமுறை அல்ல, போரில் பிறந்து தப்பித்தவர்கள். நான் எழுதிய வர்ணனை முழுக்கப் பிசகிப்போனது.

தேதி தப்பினால் திருத்திக்கொள்ளலாம். ஆளையே தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு புகைப்படம் இருக்கிறது. 1937 ஜூலை 9ஆம் தேதி, லண்டன் லார்ட்ஸ் மைதானத்து வாசல். ஈட்டனுக்கும் ஹாரோ பள்ளிக்கும் 1805இலிருந்து நடந்துவரும் கிரிக்கெட் ஆட்ட நாள். உயரத் தொப்பி, கோட்டு, கைத்தடியோடு இரண்டு ஹாரோ பையன்கள் காருக்காகக் காத்து நிற்கிறார்கள். பக்கத்தில் அந்தப் பேட்டையைச் சேர்ந்த மூன்று பையன்கள், சாதாரண உடையில், அவர்களை வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். இங்கிலாந்தின் வர்க்க ஏற்றத்தாழ்வுக்கு இதைவிடப் படம் வேண்டுமா? பல பத்தாண்டுகளுக்குப் பத்திரிகைகளும் புத்தகங்களும் அப்படித்தான் பயன்படுத்தின. பிறகுதான் விசாரித்தார்கள். ‘ஏழைப் பொறுக்கிகள்’ என்று கருதப்பட்ட மூவரும் காலையில் பல் டாக்டரிடம் போய்விட்டு, பள்ளிக்குத் திரும்பாமல், ஆட்டம் பார்க்க வருபவர்களுக்குச் சில்லறை வேலை செய்து நாலு காசு பார்க்க வந்தவர்கள். வேலை, குடும்பம் என்று நெடுநாள் வாழ்ந்தார்கள். தொப்பிக்காரர்களில் ஒருவன் அடுத்த வருடமே, இந்தியாவில் இருந்த பெற்றோரிடம் வந்த இடத்தில், தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனான். வயது 16. படம் பொய் சொல்லவில்லை. நாம் அதன் வாயில் சொல்லைத் திணித்தோம்.

இன்னும் கனமான ஓர் உதாரணம் கனடா. அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோய் அடைத்த உறைவிடப் பள்ளிகளிலும் ‘ஓய்வு நேர’ப் படங்கள் ஏராளமாக எடுத்தார்கள். 1951இல் வட ஒன்டாரியோவின் சூ லுக்கவுட் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஐஸ் ஹாக்கி அணியை ஒட்டாவாவுக்கும் டொரன்டோவுக்கும் அழைத்துப் போய் ஆடவைத்து, அரசே படம் பிடித்துப் பரப்பியது. பார்க்க உற்சாகமான படங்கள்தான். அந்த அணியில் இருந்த சிலர் முதுமையில் ஆய்வாளர்களோடு உட்கார்ந்து அதே படங்களைப் பார்த்துப் பேசினார்கள். ஆடியது அவர்களுக்குப் பிடித்திருந்தது, அது உண்மை. அந்த ஃபிரேமுக்கு வெளியே பள்ளியில் இருந்தது வேறு, அதுவும் உண்மை. ஈட்டனையும் இதையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. சிரிக்கும் பிள்ளையைப் பார்த்ததும் ‘பள்ளி நன்றாக இருந்தது’ என்று முடிவுகட்டும் நம் அவசரத்தைத்தான் சொல்கிறேன். உங்கள் பள்ளியின் பழைய மாணவர் யாராவது கிடைத்தால், துண்டைக் காட்டிப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். 1950 வாக்கில் பத்து வயது என்றால் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

உரிமை விஷயம். பாத்தே தொகுப்பிலிருந்து 85,000 படங்களை 2014இல் யூடியூபில் ஏற்றினார்கள். ஏற்றியது பார்ப்பதற்கு, எடுத்துப் போட்டுக்கொள்வதற்கு அல்ல. பயன்படுத்துகிற நேரத்துக்கு ஏற்ப உரிமம் வாங்க வேண்டும். ‘பழைய படம்தானே, காலாவதி ஆகியிருக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை 60 வருடம். ஆனால் அதை எடுத்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறார்கள். உங்கள் ரீல் வெளியாகவே இல்லை! எடுத்து 70 வருடம் ஆனாலும் அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பது வக்கீல் பார்க்க வேண்டிய விஷயம். ‘பயன்படுத்தாதது’ என்ற முத்திரை விலையைக் குறைக்கும் என்றும் நினைக்காதீர்கள். வேறு யாரும் காட்டாத காட்சி என்பதே அதன் கிராக்கி.

இன்னொரு வழியும் இருக்கிறது, நியூஸ்ரீலை விட எனக்குப் பிடித்த வழி. 1923இல் 16 எம்.எம். வந்த பிறகு, கையில் கொஞ்சம் காசும் ஆர்வமும் உள்ள வாத்தியார்களே படம் எடுக்க ஆரம்பித்தார்கள். நாடக ஒத்திகை, முகாம், விளையாட்டு விழா, மழையில் நின்றுபோன ஆட்டம். நூறு அடிச் சுருள் நாலு நிமிடம்தான் ஓடும், அதனால் ஷாட்டுகள் குட்டிக் குட்டியாக இருக்கும். அவருக்குப் பையன்களைப் பெயர் சொல்லித் தெரியும். பையன்களும் அவர் கேமராவுக்குப் பழகியிருப்பார்கள். இந்தச் சுருள்கள் நார்விச்சில் உள்ள கிழக்கு ஆங்கிலியத் திரைப்படக் காப்பகம், யார்க்‌ஷையர் காப்பகம், மான்செஸ்டரின் வடமேற்குக் காப்பகம் போன்ற வட்டாரக் காப்பகங்களில் சேர்ந்திருக்கின்றன. பள்ளி எந்த வட்டாரம் என்று தெரிந்ததும் அங்கே எழுதுங்கள்.

படத்தில் வைக்கும்போது ஒரே ஒரு வேண்டுகோள். மணியோசை, கூச்சல் என்று இல்லாத சத்தத்தை ஏற்றாதீர்கள். நான் ஏற்றியிருக்கிறேன், அந்த மேசைக்காட்சிக்கே ஒருமுறை பையன்களின் பேச்சுச் சத்தம் கலந்து பார்த்தேன். பசைக் குப்பி நகர்வது யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

இன்று உட்காரும்போது கடைக் காட்சியை நிறுத்தி, கையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். காசோடு புத்தகமும் இருந்தால் எனக்கு அந்த ஃபிரேமை அனுப்புங்கள், மற்றதைப் பேசுவோம்.